கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவர்

கொடுக்காதே. நீ கேட்டதற்கு அதுதான் பதில், நலம் விசாரிப்பதை அடுத்து வைத்துக்கொள்கிறேன். உன் ஆராய்ச்சிக் கட்டுரையில் உன் பெயர்தான் முதலில் இருக்க வேண்டும். உன் சீனியர், ஆங்கிலத்தைத் திருத்தித் தருகிறேன், அதற்குப் பதிலாக முதல் பெயர் என்னுடையது என்று கேட்பது, பரிமாற வந்தவர் சமைத்ததே நான்தான் என்பது போல. நன்றி சொல்லக் கடைசிப் பக்கத்தில் இடம் இருக்கிறது, அங்கே போதும். இங்கே எல்லோரும் சுகம், உன் உடம்பும் மனசும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஏறத்தானே கூடாது, இறங்கலாமே என்கிறார் இவர், இறங்கியவர் எப்படி மேலே வந்தார் என்று நானும் கேட்பதில்லை. தம்பி புது வேலையில் சேர்ந்துவிட்டான். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்குகிறான்.

உன் வரைவை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன் கண்ணு. ஊரார் கட்டுரையெல்லாம் திருத்துகிறவள் சொந்த மகளுடையதைப் பார்க்காமல் இருப்பேனா. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும், ஒருவர் உரக்கப் படிப்பார், இன்னொருவர் பென்சிலோடு பின்னால் போவார். படித்தது கமா சார். மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் கமா போடுவார், அதனால் அந்தப் பெயர். உன் பக்கங்களை ஒரு கமாவும் கேட்காமல் படித்து முடித்தார். ஏம்மா, உன் பொண்ணு பேசுற மாதிரியே எழுதியிருக்கா, காதால கேட்டாலே புரியுது, புரியுறது ஒரு குத்தமா என்றார். குற்றமில்லை சார், ஆனாலும் பேச்சு நடையாக இருக்கிறது என்று இதழ்காரர்கள் திருப்பி அனுப்பியதிலும் நியாயம் இருக்கிறது என்றேன். பெத்தவளே இப்படிச் சொன்னா அந்தப் புள்ள எங்க போகும் என்று டிபன் பாக்ஸைப் பட்டென்று மூடிவிட்டார்.

அந்த நியாயம் இதுதான். நம் மொழியில் இடமும் நேரமும் காட்டுகிறவை பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் இன், ஆன், அட் என்ற பொடிச் சொற்கள் பெயருக்கு முன்னால் நின்று கை காட்டும். பேச்சில் அவை காட்டுவது பெரும்பாலும் கண்ணால் பார்க்கிறதை, காலால் போகிறதை. அட் ஹோம். ஆன் தி பஸ். இன் தி மார்னிங். உன் பக்கங்கள் முழுக்க இவைதான். காலையில் போனோம், படுக்கையறையில் பார்த்தோம், கட்டிலுக்குப் பின்னால் சுவர் ஈரம். கட்டுரையில் அதே பொடிச் சொற்களுக்கு வேறு உத்தியோகம். ஆன் தி பேசிஸ் ஆஃப் என்றால் எதன்மேல் நின்று இதைச் சொல்கிறேன் என்று காட்டுவது. இன் தி கேஸ் ஆஃப் என்றால் இவ்வளவுக்குத்தான் நான் பொறுப்பு, அதற்கு மேல் கேட்காதே. இவை வேலி. நீ வேலி போடாமல் விதைத்துவிட்டாய். பார்த்த வீடுகளை மட்டும் சொல்கிறாயா, உலகத்து வீடுகளையெல்லாம் சொல்கிறாயா என்று படிக்கிறவருக்குத் தெரியவில்லை.

இனி, உன் சீனியர் மாதிரிக்குத் திருத்திக் கொடுத்த பத்தி. இன் டெர்ம்ஸ் ஆஃப், இன் தி விசினிட்டி ஆஃப், பிறகு ஆஃப் தி, ஆஃப் தி, ஆஃப் தி, கூட்ஸ் வண்டி போல. கமா சார் பாதியில் தண்ணீர் கேட்டார். மூச்சு போனால் போகட்டும், கட்டில் போய்விட்டதே. கட்டில் இருந்த இடத்தில் அறைக்கலன்களின் அருகாமை என்று என்னவோ நிற்கிறது. சுவரை நனைப்பது மழை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, மழையே இல்லாத மாதத்தில் கட்டிலை இழுத்துப் பார்த்தவள் நீ. தூங்குகிறவர்களின் மூச்சு, காற்றுப் போகாத குளிர்ந்த சுவரில் நீராகப் படிகிறது என்று கண்டவள் நீ. நாங்க தூங்குறதையும் அளக்கப் போறியா என்று ஒரு வீட்டுக்காரி உன்னைத் துரத்தியதாக எழுதியிருந்தாய். திட்டு வாங்கியது நீ, பெயர் வாங்குவது அவரா.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து முழுக் கட்டுரையையும் நானே மாற்றி எழுதினேன். நன்றாக வந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. உறையில் போடுமுன் உரக்கப் படித்தேன். கட்டில் இருந்தது. வேலி இருந்தது. உன் குரல் இல்லை. சீனியர் பெயர் கேட்கிறார், நான் கேட்கவில்லை, எங்கள் இருவருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். ஆகையால் நீ எழுதிய பக்கங்களே திரும்பி வருகின்றன. ஓரத்தில் பென்சிலால் கேள்வி மட்டும் போட்டிருக்கிறேன். எதை வைத்துச் சொல்கிறாய்? எந்த வீட்டில் மட்டும்? எது இல்லாதபோது? பதிலை நீ எழுது. உனக்கு வரும். கட்டிலைத் தனியாக இழுத்தவளுக்கு இது வராதா.

சீனியரிடம் சிரித்த முகத்தோடு சொல். உதவிக்கு நன்றி, பெயர் வரிசை மாறாது. காரணம் சொல்லாதே, சொன்னால் பேரத்துக்கு வருவார். பிஹைண்ட் தி பெட் என்று நீ எழுதியதை யார் சொன்னாலும் அடிக்காதே. வேளைக்குச் சாப்பிடு. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், உன் பெயர் உன்னிடமே இருக்கட்டும். மறந்துவிடாதே, உன் அறைக் கட்டிலையும் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போடு.

என்றும் உன் பக்கம் நிற்கும்,
அம்மா

உறையை ஒட்டுமுன் இன்னும் இரண்டு வரி. நான் மாற்றி எழுதிய பக்கங்களைக் கிழித்துப் பழைய பேப்பர் பையில் போட்டேன். பிறகு தம்பியை எழுப்பி ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி எங்கள் கட்டிலை இழுத்தோம். சுவர் ஈரமாகத்தான் இருந்தது. துணியால் துடைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறேன்.