நிலுவையில் கிடந்த ராஜினாமா

என் அன்பான தங்கவேலண்ணே,

மேலே பேஸ்பால் உண்டா? இல்லாவிட்டாலும் இந்நேரம் நீங்களே ஒரு டீமை ஆரம்பித்து, யாரையாவது எதிரே குத்தவைத்துப் பந்து பிடிக்கச் சொல்லியிருப்பீர்கள். என்னை மாதிரி ஒரு இளிச்சவாயன் அங்கேயும் கிடைத்தானா?

நாகமலைப் பக்கம் அந்த ஆட்டத்தை யாரும் பார்த்திராத காலத்தில் நீங்கள் பந்தெறியும் பிட்சர் ஆனீர்கள். கொய்யாத் தோப்பில் கிளி விரட்டிய கை அது; கல்லுக்குப் பதில் பந்து, அவ்வளவுதான். கிரிக்கெட் ஆடுகிறவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். நீங்கள் எறிந்த முதல் பந்து அவர்களுடைய ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு போனபிறகு சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். அப்புறம் மேனேஜர் மாற்றலாகிப் போக, மேனேஜரும் நீங்களே. மட்டைகளும் கையுறைகளும் உங்கள் வீட்டுப் பரணில் கிடந்ததால் ஓனரும் நீங்களே. எதிர்த்துக் கேட்க முடியுமா? பரணுக்கு ஏறும் ஏணியும் உங்களிடம்தான் இருந்தது.

ஆனால் அண்ணே, ஆபீஸில் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டிய புத்தி உங்களை விட்டதா? பிட்சர் லீவு கேட்டு மேனேஜருக்கு எழுதுவார். மேனேஜர் பரிந்துரை செய்து ஓனருக்கு அனுப்புவார். ஓனர் நிராகரிப்பார். மூன்று கையெழுத்துக்கும் ஒரே பேனா. கல்லுப்பட்டி மேட்ச்சில் கையைத் தூக்க முடியாமல் நின்றீர்களே, ஞாபகம் இருக்கிறதா? வேறு ஆளைப் போடச் சொல்லிக் கெஞ்சினேன். "நான் என்னடா செய்ய? மேனேஜர் விடமாட்டேங்கிறாரு" என்றீர்கள். மேனேஜர் தொப்பி அப்போது உங்கள் தலையில்தான் இருந்தது.

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. இப்போது நான் மேனேஜர். ஓனர் யார் தெரியுமா? நம்ம மதினி. ஆமாம், பந்தை அடித்துவிட்டு நாலு மூலையும் சுற்றிக் கிளம்பின இடத்துக்கே திரும்பி ஓடி வருவதெல்லாம் ஒரு விளையாட்டா என்று கேட்டாரே, உங்கள் வீட்டம்மாவேதான். பரண் இப்போது அவர் வசம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்துக்காரர்களோடு மேட்ச். பிட்சர் இல்லாவிட்டால் டீமைக் கலைத்துவிட வேண்டியதுதான். பைக் மெக்கானிக் முத்து நன்றாகவே எறிகிறான். கோபப்படாதீர்கள், உங்களைவிட வேகம். ஆனால் உங்கள் ஃபைலில் கடைசியாக ஒரு கடிதம் இருந்தது. பிட்சரின் ராஜினாமா. அதன் கீழே மேனேஜர் 'பரிசீலனையில்' என்று எழுதி அப்படியே விட்டிருக்கிறார். இது முடிவாகாமல் புது ஆளைப் போட முடியாது, சட்டம் சட்டம்தான் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். டீமே தலையில் அடித்துக்கொண்டது.

உண்மையைச் சொல்லட்டுமா அண்ணே? சட்டமாவது ஒன்றாவது. நீங்கள் நின்ற இடத்தில் இன்னொருவன் நிற்க, அவனுக்கு எதிரே குத்தவைத்துக் கையை நீட்ட எனக்கு மனசு வரவில்லை.

விஷயம் காதுக்குப் போய், மதினி நேற்று என்னை ஃபைலோடு வரச்சொன்னார். ஓனர் ஒரு கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது என்று பேனாவைத் திறந்துகொண்டே கடிதத்தைப் படித்தார். 'தோள்பட்டை வலி தாங்க முடியவில்லை, ஐயா' என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியில் நின்றுவிட்டார்.

"இந்த மனுசன் வீட்டுல ஒருநாளும் வலின்னு சொன்னதில்லையே தம்பி" என்றார். பிறகு பேனாவை மூடினார்.

"ராஜினாமால்லாம் வேணாம். லீவுன்னு போடுங்க. அம்புட்டு வலியோட எறிஞ்ச கை. ஆற அமர இருந்துட்டு வரட்டும்."

அப்படியே எழுதினேன். மதினி கையெழுத்துப் போட்டார். உங்களுக்கு ஓனர் அனுமதித்த முதல் லீவு இதுதான் அண்ணே.

முத்துவுக்கும் உத்தரவு கொடுத்தாயிற்று: பிட்சர் (பொறுப்பு). எத்தனை மேட்ச் ஜெயித்தாலும் அந்த அடைப்புக்குறியை எடுக்கமாட்டேன், இது சத்தியம். ஞாயிற்றுக்கிழமை அவன் எறிவான், நான் பிடிப்பேன். முகத்தில் கம்பிக் கவசம் இருக்கும். அழுதாலும் யாருக்கும் தெரியாது.

லீவு உத்தரவில் 'பணிக்குத் திரும்பும் நாள்' என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

உங்கள் பந்துக்கு எதிரே என்றும் குத்தவைத்திருக்கும் தம்பி,
அருள்தாஸ்