சர்க்கரை நோட்டில் வந்த நேர்கோடு

என் நித்யா அப்பாவுக்கு,

சௌக்கியமான்னு உங்களைக் கேட்க வழியில்ல. அதனால என் பாட்டை முதல்ல சொல்லிடறேன். அலுத்துப் போயிருக்கேங்க. காலையில நாலரைக்கு எழுந்து, ஆறரை மணி காலேஜுக்கு ஓடி, அங்கிருந்து அப்படியே ஆபீஸுக்குப் போயி, சாயங்காலம் காளிகாட் மெட்ரோ படி ஏறும்போது முட்டி ரெண்டும் என் பேச்சைக் கேட்கறதில்ல. காலேஜான்னு சிரிக்காதீங்க. நாப்பத்தேழு வயசுல முதல் வருஷ பி.காம்.

நீங்க போனதும் கருணை அடிப்படையில உங்க ஆபீஸ்லயே எனக்கு வேலை கொடுத்தாங்க இல்லையா, ரெக்கார்டு ரூம்ல ஃபைல் தூக்கற வேலை. உட்கார்ந்து பார்க்கற வேலை வேணும்னா டிகிரி வேணுமாம். சரி, தூக்கித் தூக்கி இடுப்பு போறதுக்குப் படிச்சுத் தொலைக்கலாம்னு சேர்ந்தேன்.

நீங்க போய் மூணு வருஷம். மூணு வருஷமா ஒரே கேள்வி என்னைத் தின்னுக்கிட்டு இருக்கு. நித்யாகிட்டகூட வாயைத் திறந்ததில்ல. இன்னைக்கு உங்ககிட்டச் சொல்லித்தான் ஆகணும். இந்தப் பாழாப்போன ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அதைத் தோண்டி வெளியில போட்டுடுச்சு.

உங்க சர்க்கரை நோட்டு ஞாபகம் இருக்கா? காலையில நான் அடுப்படியில இருக்கும்போது நீங்களே கண்ணாடி போட்டுக்கிட்டு விரலைக் குத்திப் பார்த்து நீலப் பேனாவுல எழுதுவீங்க. சாயங்காலம் என் முறை. ஆபீஸ்ல இருந்து வந்ததும் கண்ணாடியைக் கழட்டி வைச்சுடுவீங்க, அது இல்லாம உங்களுக்கு மெஷின்ல எண் தெரியாது. நான்தான் படிச்சுச் சொல்லி, சிவப்புப் பேனாவுல எழுதுவேன்.

கடைசி நாலு மாசம் நான் படிச்சுச் சொன்னது பொய்ங்க. மெஷின் இருநூத்தி எழுபது காட்டும், நான் நூத்தி அறுபதும்பேன். "பரவாயில்லையே செல்வி!"ன்னு சொல்லிட்டு அன்னைக்கு ராத்திரி நல்லா ரெண்டு வாய் சாப்பிடுவீங்க. அந்த முகத்துக்காகவே மறுநாளும் பொய் சொன்னேன். எப்பவாவது நிஜமான எண்ணை எழுதினா, அடியில சின்னதா ஒரு கோடு போட்டு வைப்பேன். என் மனசாட்சிக்கு அது ஒண்ணுதான் மிச்சம். கடைசி ரெண்டு மாசத்துல ஒரு கோடுகூட இல்ல.

டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துட்டு, நல்லாத்தான் இருக்கு, இதே மாத்திரை போதும்னாரு. தனியா ஒரு நிமிஷம் அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடணும்னு ஒவ்வொரு தடவையும் நினைச்சுக்கிட்டுதான் போவேன். நீங்க என் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பீங்க. லேப்ல ரத்தம் கொடுத்துட்டு வரச் சொல்லி எழுதிக் கொடுத்தாரு. துர்கா பூஜை வருதே, பூஜோ முடியட்டும்னு தள்ளிப் போட்டோம். பூஜோ முடியறதுக்குள்ள நீங்க முடிஞ்சுட்டீங்க.

நான் எழுதின எண்ணை நம்பித்தானே அவர் மருந்தை ஏத்தாம விட்டாரு? அப்போ உங்களைக் கொன்னது நான்தானா? இதுதாங்க அந்தக் கேள்வி.

சரி, காலேஜுக்கு வரேன். காலை ஷிஃப்ட், பொண்ணுங்களுக்கு மட்டும். முதல் நாள் நான் உள்ள நுழைஞ்சதும் வகுப்பே எழுந்து நின்னுது, டீச்சர்னு நினைச்சுக்கிட்டு. நான் பின் பெஞ்சுல போய் உட்கார்ந்ததும் ஒரே சிரிப்பு. இப்போ எல்லாருக்கும் நான் காகிமா, நம்ம ஊர்ல சித்திங்கற மாதிரி. நோட்ஸ் தருவாங்க, பதிலுக்கு என் டிபன் டப்பாவைக் காலி பண்ணுவாங்க. சராசரி வரைக்கும் எனக்குப் பிரச்சனை இல்ல. திட்டவிலக்கம்னு ஒண்ணு வந்துது பாருங்க, அங்க படுத்தவதான். அந்தப் பேப்பர்ல ரெண்டு தடவை ஃபெயில், அதான் இன்னும் முதல் வருஷம். இது மூணாவது.

இந்தத் தடவை பரீட்சையோட ஒரு ப்ராஜெக்டும் உண்டு. நிஜமான எண்கள் அறுபது ஜோடி சேகரிச்சு, க்ராஃப் போட்டு, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இருக்கான்னு பார்க்கணும். ஊர்ல யார்கிட்டப் போய் நான் கேட்பேன்? உடம்புல தெம்பு இல்ல. பீரோவைத் திறந்தா உங்க நோட்டு. காலை ஒரு எண், சாயங்காலம் ஒரு எண், ஜோடி ஜோடியா தயாரா இருக்கு. பாதி பொய்தான், ஆனா யாருக்குத் தெரியப் போகுதுன்னு கடைசி அறுபது நாளை அப்படியே காப்பி எடுத்துக் கொடுத்துட்டேன். வெட்கம் கெட்ட வேலைதான். அலுப்பு அப்படி.

எங்க மேம் சின்னப் பொண்ணு, முப்பதுகூட இருக்காது. போன வாரம் வகுப்பு முடிஞ்சதும் என்னை நிறுத்திட்டா.

"திதி, ஷோத்தி போலுன்," அக்கா, உண்மையைச் சொல்லுங்கன்னா. "இதை நீங்களே உட்கார்ந்து இட்டுக்கட்டினீங்களா?"

அவ ஒரு க்ராஃபை எடுத்து வைச்சா. சாயங்கால எண் ஒரு பக்கம், மறுநாள் காலை எண் இன்னொரு பக்கம், நாளுக்கு ஒரு புள்ளி. "நிஜ உடம்புன்னா புள்ளியெல்லாம் சிதறிக் கிடக்கும் திதி. ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். இதைப் பாருங்க." பார்த்தேன். ஸ்கேல் வைச்சுப் போட்ட மாதிரி ஒரே நேர்கோடு.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேற எண் கொண்டு வாங்க. இல்லைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது"ன்னா. அதட்டல் இல்ல. அதுதான் இன்னும் கேவலமா இருந்துது.

அன்னைக்கு மெட்ரோவுல உட்கார இடம் கிடைச்சுது. மடியில நோட்டை விரிச்சேன். என் சிவப்பு எண் நூத்தி அறுபது, மறுநாள் உங்க நீல எண் நூத்தி ஐம்பத்திரண்டு. என்னுது நூத்தி எழுபது, உங்களுது நூத்தி அறுபத்தி மூணு. ஒரு நாள் குக்கர் விசில் அடிச்ச அவசரத்துல வாய்க்கு வந்ததா நூத்தி முப்பத்தொண்ணுன்னு கிறுக்கியிருக்கேன். மறுநாள் காலையில நீங்க? நூத்தி இருபத்தி நாலு!

எப்பவும் ஏழு குறைவு, இல்லைன்னா எட்டு குறைவு. நான் காத்துல இருந்து பிடிச்சு எழுதின எண் உங்க ரத்தத்துக்கு எப்படிங்க தெரியும்?

தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். என் எண்ணைப் பார்த்துட்டு, அதுக்குத் தோதா ஒண்ணை நீங்க எழுதியிருக்கீங்க. அடப்பாவி மனுஷா! நானும் உங்க காலை எண்ணைப் பார்த்துத்தானே என் பொய்யை அளவா சொன்னேன், ரொம்ப விலகினா கண்டுபிடிச்சுடுவீங்கன்னு? ஒரே வீட்டுல, ஒரே நோட்டுல, ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் எண் சொல்லி ஏமாத்திக்கிட்டு இருந்திருக்கோம். இறங்க வேண்டிய ஸ்டேஷன் தாண்டிப் போயிட்டேன். கோபம்னா கோபம், அப்படி ஒரு கோபம். நீங்க எதிர்ல இருந்திருந்தா நோட்டாலயே நாலு சாத்து சாத்தியிருப்பேன்.

அப்புறம்தான் அழுகை வந்துது. காலையில தனியா விரலைக் குத்திக்கிட்டு, வந்த எண்ணைப் பார்த்துட்டு, ஒண்ணும் ஆகாத மாதிரி காபி கேட்டீங்களே. எத்தனை நாள்ங்க அப்படி? பயமா இருந்துதுன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன ஓடியா போயிருப்பேன்? நான் சொல்லியிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்களோ?

வெள்ளிக்கிழமை மேம்கிட்ட நடந்ததைச் சொல்லிட்டேன். எனக்குத் தெரிஞ்ச அரைகுறை பெங்காலியில, திக்கித் திக்கி. அவ அந்தக் க்ராஃபை மடிச்சு ஓரமா வைச்சா. "இதுக்கு மார்க் போட முடியாது திதி"ன்னு சொல்லிட்டு, கையைப் பிடிச்சுக்கிட்டு எனக்கும் சேர்த்து டீ சொன்னா. வகுப்புப் பொண்ணுங்க அறுபது பேரு காலேஜ் வர எத்தனை நிமிஷம் ஆகுது, எத்தனை மணிக்கு எழுந்துக்கறாங்கன்னு கேட்டு, புதுசா கொடுத்துட்டேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் சாந்த்ராகாச்சியில இருந்து ஒருத்தி நாலு மணிக்கே எழுந்து வராளாம். புள்ளியெல்லாம் கண்டபடி சிதறிக் கிடந்துது. மேம் பாஸ்னுட்டா. பரீட்சை இன்னும் இருக்கு.

உங்களைக் கொன்னது நானா? இப்பவும் தெரியல. ரெண்டு எண் சேர்ந்து நகர்ந்தா, ஒண்ணாலதான் இன்னொண்ணு நடந்துதுன்னு சொல்லிட முடியாதாம். அதைப் பரீட்சையில எழுதினா ரெண்டு மார்க் வரும். நிம்மதி வருமா? பாதிப் பழியை உங்க தலையில வைச்சுட்டா என்னுது குறையும்னு நினைச்சேன். குறையல. ஆனா தனியா தூக்கிக்கிட்டு இருந்ததை இப்போ ரெண்டு பேருமா தூக்கற மாதிரி இருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும், திட்டாதீங்க. மூணு மாசம் முன்னாடி எனக்கும் சர்க்கரைன்னுட்டாங்க. நித்யா நியூ டவுன்ல ஆபீஸ் பக்கத்துலயே வீடு எடுத்திருக்கா. தினமும் சாயங்காலம் ஃபோன் பண்ணுவா. "அம்மா, எவ்வளவு?" நூத்தி நாப்பதும்பேன், நூத்தி முப்பத்தஞ்சும்பேன். அவளும் "நல்லதும்மா, நானும் நல்லா இருக்கேன்"னுட்டு வைச்சுடுவா.

நேத்து ஃபோன் வந்துது. மெஷின் கையில இருந்துது. "இருநூத்தி முப்பத்தெட்டு"ன்னேன். வழக்கம்போல நல்லதும்மான்னு அவ வைச்சுடல. அப்புறம், "அம்மா, நானும் நல்லா இல்லம்மா. வேலைய விட்டு ரெண்டு மாசம் ஆச்சு. உனக்குச் சர்க்கரை ஏறிடுமேன்னு சொல்லல"ன்னு ஓன்னு அழுதா. கிளம்பி வாடி முதல்லன்னேன். வந்துட்டா. இப்போ உள் ரூம்ல தூங்கறா, காலை மணி பத்தாகப் போகுது, நானும் இன்னைக்கு லீவு போட்டுட்டேன், எழுப்ப மனசு வரல. அவ எழுந்ததும் ரெண்டு பேருமா லேபுக்குப் போறோம், என் ரத்தத்தைக் கொடுக்க.

உங்களுக்கு ஒரு வாக்கு தரேங்க. பாஸ் பண்ணுவேனோ மாட்டேனோ, அது வேற. இந்த வீட்டுல இனிமே யாரும் யாருக்காகவும் எண்ணைக் குறைச்சுச் சொல்ல மாட்டோம்.

என்றும் உங்க பொண்டாட்டி,
நித்யா அம்மா