ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து நகர்ந்த வண்டி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே நான் முழு நலம், உன் அப்பா முக்கால்வாசி நலம், மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நீ பேசும்போதெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறார், அவளிடம் மூச்சு விடாதே என்று ஒன்பது நாளாகக் காவல். நான் யாருக்குப் பயந்து எதை மறைத்திருக்கிறேன்? அவர் கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு குளிக்கப் போயிருக்கிறார், வர நேரமாகும். நீ உட்கார்ந்துகொண்டு படி. உன் அப்பாவுக்கு வலது கையில் இரண்டு விரல் உடைந்துவிட்டது. பெட்டிப் பலகைக்குப் பல் வெட்டுகிற நம் மிஷினில்தான். ரம்பம் படவில்லை, விரல் இரண்டும் கையோடுதான் இருக்கின்றன, முதலில் அதை மனதில் வாங்கிக்கொள்.

போன வாரம் வியாழக்கிழமை மதியம் நடந்தது. எட்டாவது பல்லுக்கு வரும்போது வெட்டு முடியளவு தள்ளிப்போய், பெட்டியின் இரண்டு பலகையும் விரல் கோத்த மாதிரி பூட்டிக்கொள்ளாமல் மூலையில் வெளிச்சம் தெரிகிறது என்று உன்னிடம் சொல்லியிருந்தேன் அல்லவா, நீயும் அங்கிருந்தே நம் கம்ப்யூட்டருக்குள் வந்து சரிசெய்கிறேன் என்றாய். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை நாங்கள் தூங்கும் நேரம், மிஷின் இருக்கும் பின்னறைப் பக்கம் யாரும் போகமாட்டோம், அப்போது எதை வேண்டுமானாலும் ஓட்டிப் பார் என்று உனக்குச் சொன்னவள் நான்தான். ஆறு மாதமாக அந்த ஏற்பாடு தவறியதில்லை. அன்றைக்குக் காலையில் பார்த்து அவரிடம் ஒரு வார்த்தை விட்டேன். மிஷின் முழுக்க மரத்தூள், வெட்டுவதும் நான் கூட்டுவதும் நானா, இந்த வீட்டில் இன்னொரு ஆளுக்கும் இரண்டு கை இருக்கிறதே என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்வதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிற மனுஷன், அன்றைக்கு மட்டும் மனதில் வைத்துக்கொண்டார். நான் கண்ணயர்ந்ததும் பெயின்ட் பிரஷை எடுத்துக்கொண்டு போய்த் தூள் தட்டியிருக்கிறார். ரம்பத்தின் சுவிட்சை இரண்டு முறை பார்த்தாராம், அணைந்துதான் இருந்தது. பலகையைத் தாங்கி நகர்கிற வண்டிக்குத்தான் கரண்ட் இருந்தது. அதை நான் அணைப்பதே இல்லை, அணைத்தால் அது தான் நிற்கும் இடத்தை மறந்துவிடும், திரும்ப முதல் புள்ளியில் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் அரை மணி நேரம் என் உயிர் போகும். அவர் வண்டிக்கும் கடைசி இரும்புத் தகட்டுக்கும் நடுவே கையை விட்டு மூலைத் தூளை எடுக்கும்போது வண்டி நகர ஆரம்பித்திருக்கிறது.

அந்த மனுஷன் கத்தவாவது செய்தாரா? அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்கிற குரலில் “ஏம்மா, இத கொஞ்சம் வந்து பாரேன்” என்றார். நான் புரண்டு படுத்தேன். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன், புரண்டு படுத்தேன். இரண்டாவது தரம் கூப்பிட்டபோது குரல் வேறு மாதிரி இருந்தது, எழுந்து ஓடினேன். கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி காலி, திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, வண்டியைத் தள்ளுகிற திருகுக் கம்பி கொஞ்சமும் அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது, அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருக்கிறது. என் கையால் ஒவ்வொரு போல்ட்டும் முடுக்கிய மிஷின், அதைப் பார்த்து நான் அப்படிப் பயப்படுவேன் என்று நினைத்ததே இல்லை. மிஷினின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன், கம்ப்யூட்டரில் எண்கள் மட்டும் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. வண்டி நின்றதே தவிர விலகவில்லை, கம்பியைக் கையால் பிடித்துப் பின்பக்கமாகச் சுற்றினேன், ஒவ்வொரு சுற்றுக்கும் “மெதுவா சுத்து, மரை போயிடும்” என்கிறார். விரல் போகிறது, இவருக்கு மரைதான் கவலை!

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா, கையைப் பார்த்துக்கொண்டே எப்படி ஆனது என்று கேட்டாள். மிஷின் நெருக்கிவிட்டது என்றேன். “யாரு ஓட்டினாங்க?” என்றாள். எங்கள் மகள் என்றேன். “அவங்க கூட வரலையா?” என்றாள். அவள் இருப்பது ஐயாயிரம் மைல் தள்ளி என்றேன். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள், உன் அப்பா மேசைக்கு அடியில் என் காலை ஒரு மிதி மிதித்தார். அதே நேரத்தில் என் கைப்பைக்குள் போன் சத்தம். எடுத்துப் பார்த்தால் நீ, “அம்மா, சரியாயிடுச்சு! கடைசி வரைக்கும் தங்கமா ஓடுது, போய்ப் பாரு” என்று, பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மை முகம். அந்தச் சிரிப்பைப் பார்த்த அதிர்ச்சி எனக்கு இன்றுவரை இறங்கவில்லை. நீ தெரிந்து செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, இடது கையால் உனக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பினார். அதற்குப் பெயர் பாசமாம், நான் பொய் என்கிறேன்.

ஐந்து வாரம் கட்டு, பிரித்த பிறகுதான் எவ்வளவு மடங்கும் என்று சொல்ல முடியுமாம். மூக்குக் கண்ணாடிக் கடையில் எள்ளளவு திருகைப் பிடித்துத் திருப்புகிற விரல்கள் அவை இரண்டும். முதலாளி வந்து பார்த்துவிட்டு நிதானமாக வாருங்கள் என்றார், நிதானம் என்பதை இரண்டு தடவை சொன்னார், அது எனக்குப் பிடிக்கவில்லை. நம் அடுத்த தெருவில் மேசை செய்கிற தச்சர் இருக்கிறாரே, பலகை அறுக்க மிஷின் எதற்கு என்று முதல் நாளிலிருந்து முகத்தைச் சுளித்தவர், அவரும் வந்தார். “பல்லு இருக்கிற பக்கம் விட்டுட்டுப் பல்லில்லாத பக்கம் கடிச்சிருக்கே, என்னக்கா பழக்கி வெச்சிருக்கீங்க?” என்றார். மிஷினைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போடுங்கள் என்று புத்தி வேறு. போடமாட்டேன். ஆனால் ஒன்று, வண்டி கடைசிக்கு வந்தால் தானே நிற்கிற சுவிட்சும் அழுத்தினால் எல்லாமே நிற்கிற ஒரு பெரிய சிவப்புப் பொத்தானும் வை என்று நீ மூன்று தரம் சொன்னாய். சுவிட்சை ஒருமுறை வைத்தேன், தூள் போய் அடைத்துக்கொண்டு வேலை நடுவே நின்றது, கழற்றி எறிந்தேன். இருபத்தாறு வருஷம் தையல் மிஷின் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவள், என் கைக்கு எங்கே வைக்கவேண்டும் என்று தெரியும் என்று உன்னிடம் எகிறினேன். என் கைக்குத் தெரியும். அவர் கைக்குத் தெரியுமா என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. முந்தாநாள் இரண்டையும் பொருத்திவிட்டேன், தூள் புகாமல் மூடியும் போட்டாயிற்று.

இதோ, குளித்துவிட்டு வந்துவிட்டார். தலை துவட்டாமல் நின்றபடியே முழுவதும் படித்தார். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன், இல்லை, பேனாவைக் கேட்டார். கீழே கோணல்மாணலாக இருப்பது அவர் எழுத்து.

கண்ணு, நீ சரியாகத்தான் ஓட்டினாய். கையை விட்டவன் நான்.

இவ்வளவுக்கு அவருக்குக் கால் மணி நேரம் ஆனது. நீ அதை அப்படியே நம்பிவிடாதே. திட்டி அனுப்பியதும் கரண்ட்டை விட்டுவைத்ததும் என் பங்கு, கேட்காமல் கையை விட்டது அவர் பங்கு, ஒரு போன் செய்து ஆள் இருக்கிறதா என்று கேட்காமல் ஓட்டியது உன் பங்கு. மற்றவர்கள் பங்கை எடுத்துக்கொள்ளவும் விடமாட்டேன், உன் பங்கைத் தள்ளிவிடவும் விடமாட்டேன். இனிமேல் அங்கே பொத்தானைத் தொடும் முன் போன் செய், எங்கள் நான்கு கையும் எங்கே என்று கேள், பதில் வந்த பிறகு ஓட்டு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். அழுது முடித்துவிட்டுக் கூப்பிடு, என்னை அல்ல, அவரை. இடது கையால் எடுக்கக் கொஞ்சம் நேரமாகும், மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா