ஐந்து டாலர் குழி

மார்ச் 4, செவ்வாய்

நூலகத்தில் நாணயச் சங்கக் கூட்டம். என் தங்கக் காசுப் பெட்டியை மேசைமேல் வைத்ததும் டாய்ல் லெட்பெட்டர் வந்துவிட்டான். வெல்வெட்டில் மூன்று குழி. ஒரு டாலர் இருக்கிறது, இரண்டரை டாலர் இருக்கிறது, ஐந்து டாலர் குழி காலி. "இன்னும் பொக்கை வாய்தானா, லொரீன்? ஒரு சட்டைப் பொத்தானையாவது வச்சு அடைச்சிடேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. இரண்டு தடவை என் கைக்கு வரவிருந்த ஐந்து டாலர் காசை, ஏலத்தில் விலையை ஏற்றிவிட்டுப் பறித்துக்கொண்டவன் அவன்தான்.

பெக்ட்லர் காசு அவனுக்கு வியாபாரம். எனக்கு அப்படி இல்லை. நூற்றுத் தொண்ணூறு வருடத்துக்கு முன்னால், இந்தப் பக்கத்து ஓடைகளில் சனங்கள் அரித்தெடுத்த தங்கத்தை, அரசாங்கத்துக்குக் காத்திராமல் பெக்ட்லர் என்ற ஜெர்மன்காரர் தன் பெயரையே போட்டு அடித்த காசு. என் ஊர்ப் பெயரும் அதில் இருக்கிறது. மூன்றும் என்னிடம் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மார்ச் 13, வியாழன்

ஹாரில் பண்ணையில் ஏலப் பொருட்களைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். ராய்ஸையும் இழுத்துப் போனேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னோடு ஏலத்துக்கு வருவதே அபூர்வம்.

கண்ணாடிப் பெட்டியில் ஒரு ஐந்து டாலர் காசு. யாரோ ஊசி பற்றவைத்துப் புரூச்சாகச் சட்டையில் குத்தியிருந்த காசு. ஊசி உடைந்து, பின்பக்கம் பற்றவைத்த தழும்பு மட்டும் மிச்சம். சீட்டில் 'கரோலினா தங்கக் காசு, நகலாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தார்கள். நகலாம்! லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நகலில் எழுத்தின் ஓரம் மெழுகு உருகினதுபோல் மழுங்கியிருக்கும். இதில் நல்ல கூர்மை.

ராய்ஸ் என் முழங்கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார். "வாயை மூடு. பாடுற."

"யாரு, நானா?"

"புடிச்ச பொருளைப் பாத்தா சர்ச் பாட்டை முணுமுணுப்ப. அதைக் கேட்டுத்தானே டாய்ல் ஏலத்தை ஏத்துறான்? ஊருக்கே தெரியும். நல்லவேளை, இன்னைக்கு அவன் வரலை."

ஊருக்கே தெரியுமாம்! இந்த மனுஷன்கூட இத்தனை நாள் சொல்லவில்லை. கேட்டால், "உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்கிறார்.

மார்ச் 14

பழுதான கிணற்று மோட்டாரை மாற்ற எடுத்துவைத்த பணத்தை ராய்ஸிடம் கேட்டேன். "நகலா இருந்துட்டா?" என்றார், ஆனாலும் எடுத்துக் கொடுத்தார். நகல் இல்லை. — இல்லைதானே?

மார்ச் 15, சனி

எடுத்துவிட்டேன்!

பாட்டு வராமலிருக்கக் காலையிலேயே வாயில் பெப்பர்மின்ட் மிட்டாயை அடக்கிக்கொண்டேன். காசுப் பக்கம் திரும்பவே இல்லை. ஏலத்தில் அதற்கு முந்தின பொருள், அட்டைப்பெட்டியில் பழைய செய்தித்தாளில் பொதிந்த இரும்புச் சட்டி. மூன்று கால், கனமான மூடி, உள்ளே அப்படி ஒரு வழவழப்பு. சோள ரொட்டிக்கென்றே வார்த்த சட்டி. மிட்டாய் எப்போது கரைந்ததோ தெரியாது. டாய்ல் விருட்டென்று நிமிர்ந்தபோதுதான் என் பாட்டு என் காதில் விழுந்தது.

நாற்பது டாலர் பெறும். ஆசையில் நான் அறுபதுவரை போனேன். அவன் ஒரே தாவலில் முந்நூறு என்றான். எடுத்ததும் நிற்கவில்லை. அடியில் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று நினைத்துப் பெட்டியோடு தன் வண்டிக்கு ஓடினான். ஜன்னல் வழியே பார்க்கிறேன் — தாள் தாளாக உதறுகிறான்!

அந்த நேரத்தில்தான் காசு வந்தது. ஷெல்பி ஊர் நகைக்கடைக்காரர் ஒருவர் மட்டும் போட்டிக்கு நின்றார். மோட்டார் பணம் தீர்ந்து, அதற்கு மேலும் ஒரு நூறு சேர்த்துக் கத்தினேன். அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஏலச் சுத்தியல் விழுந்தது. டாய்ல் கையெல்லாம் அச்சு மையோடு உள்ளே வந்தபோது காசு என்னுடையது.

மார்ச் 17

அசல்தானா என்று பார்க்கக் காசைச் சோதனைக்கு அனுப்பியாயிற்று. பக்கத்து வீட்டிலிருந்து தண்ணீர் சுமக்கிறோம். வாளிக்கு ஒரு முறை ராய்ஸ் என்னை முறைக்கிறார்.

ஏப்ரல் 9

பதில் இல்லை. நகல்தானோ? அப்படி இருந்தா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்த மனுஷன் முன்னால நிப்பேன்?

ஏப்ரல் 28

அசல்! அசல்! தழும்பால் விலை குறையுமாம். குறையட்டும், யார் விற்கப் போகிறார்கள். ராய்ஸ் வாளியைக் கீழே போட்டுவிட்டு என்னைத் தூக்கிச் சுற்றினார், அந்த இடுப்புவலியோடு.

மே 6, செவ்வாய்

மூன்று குழியும் நிறைந்த பெட்டியைச் சங்கத்து மேசைமேல் வைத்தேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டாய்ல் குனிந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"காசு கிடக்கட்டும், லொரீன். உண்மையைச் சொல்லு, அந்தச் சட்டில என்ன இருக்கு? அடியெல்லாம் சுரண்டிப் பாத்துட்டேன்."

"சோள ரொட்டி நல்லா வரும்னு தோணுச்சு. அதான் பாடிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவன் முகம் போன போக்கு! கடைசியில் வண்டியிலிருந்து சட்டியைத் தூக்கி வந்து நாற்பது டாலருக்கே கொடுத்துவிட்டான்.

சுரண்டின இடத்தில் பன்றிக்கொழுப்பு தடவிப் பழக்கிவிட்டேன். ரொட்டி வேகிறது. வாளியோடு உள்ளே வந்த ராய்ஸ், "பாடுற" என்கிறார்.

ஆமாம், பாடுகிறேன். யார் வேண்டுமானாலும் கேட்கட்டும்.