ஓனரம்மாவிடம் நீ கொடுத்த வாக்கு

என் கண்ணான நைனாவுக்கு,

உன் மகள் வசந்தி எழுதுகிறேன். உனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட வராது என்று தெரியும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன், அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

திருப்பதியில் நாம் குடியிருந்த அந்த ஒற்றை அறையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா அடுப்பைப் பற்ற வைத்தால் நீ காலை மடக்கிக்கொள்ள வேண்டும். லாட்ஜ் வேலைக்குக் கிளம்ப நான் சேலை மாற்ற வேண்டுமென்றால் நீ வெளியே போய் நிற்க வேண்டும். சத்தியவேட்டுப் பக்கத்தில் நம் குடிசை மழையில் விழுந்த பிறகு, உலகத்தில் நமக்கென்று இருந்தது அந்த ஓர் அறைதான். பூ மார்க்கெட்டில் கூடை இறக்கி, இருமி இருமி அதற்கு வாடகை கட்டினாய்.

ஆஸ்பத்திரியில் இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவில் படுக்க வைத்துக் கூட்டி வந்தோம். அப்போதிருந்துதான் உனக்கு அந்த வெறி பிடித்தது. கொஞ்சம் கண் அசந்தால் போதும், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விடுவாய். ஒருநாள் சந்து முனையில் குந்தியிருந்தாய். ஒருநாள் பால் பூத் வரைக்கும் போய்விட்டாய். ஒவ்வொரு தடவையும் நானும் அம்மாவும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வந்து உள்ளே போட்டோம்.

"என்னை எதுக்கு உள்ள இட்டுக்கினு வர்ற? காத்தாட வெளிய குந்திக்கினு இருக்கேன், வுடேன்" என்றாய்.

காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது, புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்தோம். யார்தான் அப்படி நினைக்க மாட்டார்கள்? கடைசியில் நான் வேலைக்குப் போகும்போது வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போக ஆரம்பித்தேன். உள்ளே நீயும் அம்மாவும். பக்கத்துப் போர்ஷன்காரியிடம் சொல்லி வைத்திருந்தேன், அம்மா கூப்பிட்டால் வந்து திறந்துவிடுவாள்.

அன்றைக்கு மோர் வேண்டும் என்றாய். பல நாளாகச் சாப்பிட எதுவுமே கேட்காத மனுசன் கேட்கிறாரே என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பக்கத்துப் போர்ஷன்காரியைக் கதவைத் திறக்கச் சொல்லி, தாழ்ப்பாளை மறந்து கடைக்கு ஓடினாள். திரும்பி வந்தால் பாய் காலியாக இருந்தது. ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கிற சிமெண்ட் பெஞ்சில் கம்பத்தில் சாய்ந்தபடி உயிரை விட்டிருந்தாய், பட்டப்பகலில், பஸ்ஸும் ஜனமும் போய்க்கொண்டிருந்த ரோட்டில். ஆட்டோக்காரர் போன் பண்ணி நான் ஓடி வந்து பார்த்தபோது துவைத்த சட்டை போட்டிருந்தாய். பித்தானெல்லாம் சரியாக மாட்டியிருந்தது. புத்தி தடுமாறியவன் இப்படிப் பித்தான் போடுவானா என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை நைனா.

உன்னை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று வீட்டு ஓனரம்மா சொல்லிவிட்டாள். இந்த ஊரில் வாடகைக்கு இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த கதைதான். கெட்ட நட்சத்திரத்தில் சாவு விழுந்தால் வீட்டை மாதக்கணக்கில் பூட்டிப்போட வேண்டும், அப்புறம் எவனும் குடிவர மாட்டான். பெஞ்சிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்குத்தான் போனாய். அங்கே இருந்த குழாயடியில் குளிப்பாட்டினோம். விளக்கையும் அங்கேயே வைத்தோம். பிணத்துக்குத்தான் இந்தச் சட்டம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் கருமாதி முடிந்த பிறகு ஓனரம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். கெட்டவள் இல்லை, உனக்கே தெரியும். பண்டிகை வந்தால் நமக்கும் சேர்த்துத்தான் பலகாரம் சுடுவாள். உன்னை நினைத்து அழவும் செய்தாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"மீ நைனா மாட்ட தப்பலேதம்மா."

உங்க நைனா சொன்ன சொல் தவறவில்லை. எந்தச் சொல் என்று கேட்டேன். மறைக்கவெல்லாம் இல்லை, பெருமையாகவே சொன்னாள். நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், நான் வேலைக்குப் போய், அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் உன்னிடம் வந்து பேசினாளாம். எனக்கும் இந்த வாடகைதான் பிழைப்பு, நீயே பார்த்துச் சொல்லு என்றாளாம். உள்ளே சாக மாட்டேன், என் பொண்டாட்டியையும் பெண்ணையும் மட்டும் காலி பண்ணச் சொல்லாதே என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாயாம்.

நீ சாகிறதற்கு இடம் தேடி வெளியே போயிருக்கிறாய். எங்களுக்காகப் போயிருக்கிறாய். நாங்கள் உன்னைத் தூக்கித் தூக்கி வந்து உள்ளே போட்டோம். தாழ்ப்பாள் வேறு போட்டோம். பூட்டின கதவுக்குப் பின்னால், இங்கேயே மூச்சு நின்றுவிடுமோ என்று எவ்வளவு பயந்திருப்பாய்? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அம்மா முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "அப்டின்னா அன்னிக்கி மோரு கேட்டது..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டாள்.

இன்னும் இருக்கிறது, கேள். ஓனரம்மா அம்மாவின் வீங்கின காலைப் பார்த்தாள். உனக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறதே, நீயும் உன் வீட்டுக்காரர் மாதிரி ஒரு வார்த்தை கொடுத்துவிட்டால் எனக்கு நிம்மதி என்று தன்மையாகக் கேட்டாள். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். சேலையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையை நீட்டியேவிட்டாள் நைனா. நான் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டைக் காலி பண்ணுகிறோம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

சொல்வது சுலபம். லாட்ஜில் ஒரு நாள் தங்குகிறவனுக்கு நான் வெள்ளை விரிப்பு மாற்றிப் போடுகிறேன், எனக்கு இந்த ஊரில் அறை கிடைக்கவில்லை. போன இடத்திலெல்லாம் வாடகையைப் பிறகு பேசலாம், இந்த வீட்டில் எங்கள் அம்மா சாகலாமா என்று முதலில் கேட்டேன். ஒருத்தி வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஒருவர் எனக்குப் பைத்தியம் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார். உனக்கு மூளை இருக்கா, கேட்காமல் குடிபோயிருக்கலாமே என்று லாட்ஜில் திட்டினார்கள். கேட்காமல் போனால் மறுபடியும் ஒருத்தி வாழைப்பழத்தோடு வருவாள்.

ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு பெரியவர் வீட்டில் ஓர் அறை நெடுநாளாகக் காலியாகக் கிடந்தது. நாங்கள் வாசற்படி ஏறும் முன்பே அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"மா ஆவிட இந்துலோனே போயிந்தி. தெலுசுகோனி ரண்டி."

என் மனைவி இந்த அறையில்தான் செத்துப்போனாள், தெரிந்துகொண்டு வாருங்கள் என்கிறார். அதைக் கேட்டதும் எல்லோரும் திரும்பிப் போகிறவர்கள்தானாம். நாங்களும் போய்விடுவோம் என்று நினைத்து நின்றார்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அந்தம்மாவுக்குத் தலை எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டாள். ஜன்னல் ஓரம் என்றார் அவர். அம்மா அங்கேயே போய்த் தரையில் மல்லாந்து படுத்து, காலை நீட்டினாள். மடக்கவே இல்லை. அப்படிப் படுத்துக்கொண்டே, "வசந்தி, என் பாயை இங்கயே போட்டுடு" என்றாள்.

போட்டுவிட்டேன் நைனா. அம்மாவுக்கு நேரம் வரும்போது இந்த ஜன்னல் ஓரத்தில்தான் கிடப்பாள், தலைமாட்டில் விளக்கு எரியும், குளிப்பாட்டுகிற தண்ணீரை என் அடுப்பில்தான் காய்ச்சுவேன். அவளை எவரும் வெளியே போகச் சொல்ல விடமாட்டேன். இது உனக்கு நான் கையில் அடித்துக் கொடுக்கிற சத்தியம்.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கித் தூக்கி உள்ளே கொண்டுவந்த
உன் மகள் வசந்தி