கழிமுகத்தில் நின்ற டேங்கர்

பிப்ரவரி 7, சனி

விடியுமுன்பே சேரப்பணஞ்சேரியிலிருந்து கல்லூரி வேனில் கிளம்பிக் கழிமுகத்துக்குப் போனோம். கடல் விஞ்ஞானி மதிவதனி மேடத்துக்கு நண்டு, சிப்பி, மீன்குஞ்சு கணக்கெடுக்க உதவுகிறோம். போன மாதம் உயிர்கள் நெளிந்துகொண்டிருந்த சேற்றில் இன்று நண்டுகள் மல்லாந்து கிடந்தன. தண்ணீர் பட்டுக் கண் எரிந்தது. “யாரோ கம்பெனிக் கழிவைக் கொட்டுறாங்க” என்றார் மேடம்.

வீட்டில் சொன்னேன். ஒரகடத்தில் டேங்கர் லாரி ஓட்டும் அண்ணன் ஜாக்சன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். “நண்டு செத்தா உனக்கு இன்னாடி? இனிமே அங்க போவாத.”

ஏன் இவ்வளவு கோபம்?

பிப்ரவரி 13

நாளை போகிறேன் என்றதும் அண்ணன் அறைந்தான். உதடு கிழிந்துவிட்டது. போவேன்.

பிப்ரவரி 14, சனி

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

கழிமுகத்தில் ஒரு டேங்கர் நின்றது. குழாய் வழியாகக் கறுப்பாகக் கழிவு ஊற்றிக்கொண்டிருந்தது. மேடம் போனில் படமெடுத்தார். கிளீனர் இரும்புக் கம்பியோடு ஓடிவந்து அவர் முழங்கையில் போட்டான். எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. தடுக்கப் போன என் வகுப்பு ஜோயலை வாயிலேயே உதைத்தான். ஜோயல் சேற்றில் பல்லைத் துப்பினான்.

டிரைவர் கதவைத் திறந்து இறங்கினான். ஜாக்சன்.

கீழே விழுந்த போனை நான் எடுத்திருந்தேன். என் முடியைப் பிடித்து இழுத்தான். “குடுடி போன!” கொடுக்கவில்லை. தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினான். அந்தத் தண்ணீருக்குள்! என் அண்ணன்!

மூச்சு முட்டியது. கையில் பட்ட கல்லால் அடித்தேன். அவன் நெற்றி பிளந்தது. பிடியை விட்டான். விட்ட பிறகும் அடித்தேன் — இன்னொரு தடவை, இன்னொரு தடவை. மீனவர்கள் வந்து என்னைத்தான் இழுத்துப் பிடித்தார்கள். ஏன் நிறுத்தல நான்?

பிப்ரவரி 15

அண்ணனைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் அம்மா என் காலைப் பிடித்தாள். “பெனிஷா, வேற எவனோ ஓட்டுனான்னு சொல்லிடும்மா.”

போலீஸிடம் சொன்னேன்: “ஓட்டிக்கினு வந்தது எங்க அண்ணன். அவனக் கல்லால அடிச்சது நான்.” போனையும் கொடுத்தேன்.

வார்டு வாசலிலேயே அம்மா என்னை அறைந்தாள்.

பிப்ரவரி 22

அம்மா இன்னும் பேசவில்லை.

ஏப்ரல் 10

அண்ணன் ஜாமீனில் வந்தான். நெற்றியில் தையல் தழும்பு. “சொன்னத மாத்திச் சொல்லு” என்றான்.

“முடியாது. எவன் கொட்டச் சொன்னான்னு நீ சொல்லு.”

கையை ஓங்கினான். நான் நகரவில்லை. அம்மா நடுவில் வந்து நின்றாள், அவனைப் பார்த்தபடி. “தொடாத அவள.”

கையை இறக்கி வெளியே போய்விட்டான்.

ஏப்ரல் 11, சனி

கழிமுகத்துக்குக் கிளம்பினேன். அம்மா எழுந்து டிபன் பாக்ஸில் சோறு கட்டித் தந்தாள்.