வானொலியில் நான் சொல்லாமல் விட்டது

மே 14, 1957. செவ்வாய்

காலையிலிருந்து கிளினிக்கில் உட்கார இடமில்லை. எல்லாருக்கும் அதே காய்ச்சல், அதே உடம்பு வலி. சிங்கப்பூரிலிருந்து வந்தது என்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் வராந்தாவெல்லாம் பாய். சாதாரணத் தும்மலுக்கும் ஜனங்கள் அங்கே ஓடுகிறார்கள். மதியம் மருந்து கட்டும் என் டிரெஸ்ஸர் ஷம்சுதீனே நடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை ரேடியோவில் இதைப் பற்றித்தான் பேச வேண்டும். எழுதி முடித்துவிட்டேன். கடைசிப் பத்தியில் ஆபத்தான அறிகுறிகள்: விட்ட காய்ச்சல் திரும்புவது, மூச்சு வாங்குவது, கர்ப்பிணிகளுக்குத் தனிக் கவனம். படித்துப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. ஏற்கெனவே அரண்டு போயிருப்பவர்களிடம் இதையும் சொல்லலாமா?

அந்தப் பத்தியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

மே 16

கோலாலம்பூர் ரேடியோ நிலையத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். "பயப்படாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். வீட்டிலேயே படுத்திருங்கள். கஞ்சியும் தண்ணீரும் போதும். ஒரு வாரத்தில் தானே போய்விடும்."

நிகழ்ச்சி அதிகாரி கருணாகரனுக்கு ரொம்பத் திருப்தி. "கேட்டா மனசுக்குத் தெம்பா இருக்கு டாக்டர்" என்றார்.

மே 18

ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் கலியாணசுந்தரத்தின் மசாலாக் கடைக்குப் போனேன். மல்லி நிறுத்துக்கொண்டே என் பேச்சை அப்படியே ஒப்பித்தார், என் குரலின் ஏற்ற இறக்கத்தோடு. "கடைக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்றேன் டாக்டர். யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடாதீங்க, நம்ம டாக்டரே சொல்லிட்டாங்கன்னு."

அவர் மனைவி பாக்கியலட்சுமிக்கு இது ஆறாம் மாதம். என்னிடம்தான் காட்டுகிறாள். எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நல்லா இருக்கா என்றார்.

பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் வீடு வந்த பிறகு ஏதோ அரித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்கிறாராமே.

மே 20

அந்தப் பத்தி. சொல்லியிருக்கலாமோ?

மே 24

இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன்.

கலியாணசுந்தரம் செருப்பில்லாமல் ஓடி வந்தார். கடைக்கு மேல்தான் வீடு. படியேறும்போதே அவள் மூச்சு எனக்குக் கேட்டது. உதடு நீலம்.

"நடுவுல காய்ச்சல் விட்ருச்சு டாக்டர். பசியாறக்கூட செஞ்சா. திரும்ப வந்துச்சு. எங்க அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவோம்னாங்க. நான்தான், டாக்டர் ஒரு வாரம்னு சொல்லியிருக்காங்க, இன்னும் நாள் இருக்குன்னு..."

குற்றம் சொல்லவில்லை. என் பேச்சைக் கேட்டு நடந்ததை என்னிடமே விவரமாகச் சொன்னார். ஐயோ, திட்டியிருந்தால் தேவலை.

என் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நிமோனியா. பிராணவாயு, பெனிசிலின். ஒன்றும் சொல்வதற்கில்லை.

மே 25

குழந்தையின் இதயத்துடிப்பு கேட்கவில்லை. திரும்பத் திரும்ப வைத்துக் கேட்டேன்.

மே 26

குழந்தை போய்விட்டது. பெண் குழந்தை. பாக்கியலட்சுமிக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. பிழைத்துவிடுவாள் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடிகிறது.

வராந்தாவில் கலியாணசுந்தரம் என்னை நிறுத்தினார்.

"மூச்சு வாங்குனா ஒடனே கூட்டிட்டு வரணும்னு ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"ஜனங்க பயந்துடுவாங்கன்னு விட்டுட்டேன்."

"நான் பயந்திருப்பேனே டாக்டர்" என்றார். "பயந்து தூக்கிட்டு வந்திருப்பேனே."

மே 27

கருணாகரனுக்குப் போன் செய்து, மறுபடி பேச வேண்டும் என்றேன்.

"போன தடவை ஓடாதீங்கன்னீங்க. இப்ப ஓடுங்கன்னா எதத்தான் நம்புவாங்க? ஒங்க பேருதான் கெடும் டாக்டர்."

"கெடட்டும். இன்னும் எத்தனை வீட்டுல நாள் எண்ணிக்கிட்டு இருக்காங்களோ, தெரியல. எனக்கு வியாழக்கிழமை வேணும்."

மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். போனை வைத்த பிறகுதான் பயம் வந்தது. கிளினிக்கின் பெயர் என்ன ஆகும்? அதைவிட, இடம் கொடுக்கவில்லை என்றால்?

மே 29

கொடுத்துவிட்டார்கள்.

மே 30

பேசினேன். முதல் வரியிலேயே சொன்னேன்: "சென்ற முறை நான் சொன்னது பாதிதான். மீதியைச் சொல்லாமல் விட்டது என் தவறு." அடித்த பத்தியை முழுக்கப் படித்தேன். கர்ப்பிணிகள் என்ற வரியில் நின்றுவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

கருணாகரன் கார் வரைக்கும் கூட வந்தார்.

ஜூன் 1

கிளினிக் இருக்கும் காஜா பேராங் பகுதி முழுக்க என் பேச்சுதானாம். "மொதல்ல ஒண்ணு, இப்ப ஒண்ணு" என்று கிளினிக் வாசலிலேயே ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. வழக்கமாக வரும் சிலரைக் காணவில்லை.

பத்து மணிக்கு ஒரு எஸ்டேட் லோரி வந்து நின்றது. பொன்னுதுரை என்பவர் தன் தகப்பனாரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். "காய்ச்சல் விட்டுத் திரும்புச்சு. மூச்சு வாங்குது. ரேடியோல சொன்னீங்கல்ல?" நெஞ்சில் குழாயை வைத்தேன். இரைச்சல் ஒரு பக்கம்தான். நேரத்தோடு வந்துவிட்டார்கள்.

சாயங்காலம் கம்போங் செட்டியிலிருந்து, தலைமுறைகளாய் மலாய் பேசும் செட்டிக் குடும்பத்து அம்மா ஒருத்தி வந்து, ரேடியோவில் என்ன சொன்னீர்கள் என்று மலாயில் கேட்டாள். அவர்கள் வீட்டில் தமிழ் யாருக்கும் புரியாது. வாசலிலேயே நின்று முழுவதும் மலாயில் சொன்னேன். இந்த வீடுகளை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஜூன் 9

பாக்கியலட்சுமி வீட்டுக்கு வந்துவிட்டாள். பார்க்கப் போனேன். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் கிளம்பும்போது என் கையை மட்டும் ஒரு கணம் பிடித்தாள். கீழே கலியாணசுந்தரம் தலை நிமிராமல் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 11

காய்ச்சல் ஓய்ந்துவிட்டது. எனக்குத்தான் தூக்கம் இன்னும் சரியாக வரவில்லை.

செப்டம்பர் 3

சுதந்திரத் தோரணங்களைத் தெருவெல்லாம் அவிழ்க்கிறார்கள். அந்த வேலையில் துருப்பிடித்த ஆணியை மிதித்துவிட்டு, கலியாணசுந்தரம் நொண்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். என்னிடம் வந்து மாதங்கள் ஆகின்றன. காயத்தைக் கழுவி, ஊசி போட்டு, கட்டுக் கட்டினேன்.

முன்பெல்லாம் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவார். இன்று எழவில்லை.

"எப்ப ஆறும்?"

சொன்னேன்.

"ஆறலேன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"வீக்கம் மேல ஏறினா, காய்ச்சல் வந்தா, தாடை இறுகினா ஒடனே வரணும். ராத்திரியா இருந்தாலும்."

"வேற?"

"அவ்வளவுதான்."

"யோசிச்சுச் சொல்லுங்க டாக்டர். நான் இருக்கேன்."

வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து சொன்னேன்.